சூழலியலும் பரிணாமமும்: உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கவும் மதிப்பிடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வில், பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறன் பெறுவது எப்படி என்று கேட்டிருந்தேன். வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "மருந்திலிருந்து தப்பிக்க வேண்டிய தேவை ஏற்பட்டதால் பாக்டீரியா தன் அமைப்பை மாற்றிக்கொண்டது." அதே தாளில், இரண்டு பக்கம் முன்னால், இயற்கைத் தேர்வுக்கு வரையறை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

அந்த விடையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மனக்கண்ணில் இருந்தது ஒரே ஒரு பாக்டீரியா. அது ஆபத்தை உணர்கிறது, யோசிக்கிறது, மாறுகிறது. இருக்க வேண்டியது கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்: ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டவை, பெரும்பாலானவை மருந்தில் மடிபவை, ஏற்கெனவே தாங்கும் தன்மை கொண்டிருந்த சில மட்டும் பிழைத்துப் பெருகுபவை. தனி உயிரைப் பார்க்கும் கண்ணுக்குப் பரிணாமம் தெரியாது, இனக்கூட்டத்தைப் பார்க்கும் கண்ணுக்குத்தான் தெரியும். அந்தக் கண்ணைத் திறந்துவிடுவது சூழலியல். ஆகவேதான் இரண்டையும் தனித்தனி அலகாக நடத்துவதை நான் விட்டுவிட்டேன். கீழே வருவது அப்படிச் சேர்த்து நடத்தும் முறை. நாற்பது நிமிடப் பாடவேளைகள் இருபது, இருபத்திரண்டு இருந்தால் போதும்.

படி 1: வரிசையை மாற்றுங்கள்

பல பாடநூல்களில் பரிணாமம் மரபியலுக்குப் பின்னால் வரும், சூழலியல் ஆண்டின் கடைசியில் வந்து அவசர அவசரமாக முடிக்கப்படும். இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் எண்ணுவது (இனக்கூட்டம்), அப்புறம் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது (உணவு வலை, ஆற்றல்), அப்புறம் அளப்பது (ஒரே இனத்துக்குள் வேறுபாடு), அதன் பிறகு இயற்கைத் தேர்வு, கடைசியில் ஆழ்காலமும் (பூமியின் கோடிக்கணக்கான ஆண்டு வரலாறு) உயிர்மரமும் (உயிர்களின் உறவைக் காட்டும் கிளைப்படம்). மரபியலின் அடிப்படை, அதாவது மரபணு, சடுதி மாற்றம், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பண்பு போவது, இவை முன்பே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையென்றால் இரண்டு பாடவேளை அதற்கு ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: நடத்துவதற்கு முன் கேளுங்கள்

முதல் நாளே ஒரு தாள் கொடுங்கள். மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். நான்கு கேள்விகள் போதும், ஒவ்வொன்றுக்கும் "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று ஒரு துணைக்கேள்வி கட்டாயம் வேண்டும். விடையைவிடக் காரணம்தான் நமக்குத் தேவை.

1. புல், வெட்டுக்கிளி, தவளை: இவற்றை உணவுச் சங்கிலியாக வரைந்து அம்புக்குறி போடு. அம்புக்குறி எதைக் குறிக்கிறது?
2. ஒரு பெரிய மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண், நீர், காற்று, சூரிய ஒளி?
3. ஓரிடத்தில் பாம்புகள் அனைத்தையும் அகற்றிவிட்டால் எலிகள் ஓராண்டில் என்ன ஆகும்? பத்தாண்டுகளில்?
4. இருண்ட குகைகளில் வாழும் சில மீன்களுக்குக் கண் இல்லை. அவற்றின் மூதாதைகளுக்குக் கண் இருந்தது. இது எப்படி நேர்ந்திருக்கும்?

வரும் விடைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதல் கேள்வியில் அம்புக்குறி தவளையிலிருந்து வெட்டுக்கிளிக்குப் போகும், "தவளை வெட்டுக்கிளியைத் தின்னும்" என்று படிப்பதால். இரண்டாவதில் பெரும்பாலோர் மண் என்பார்கள். மூன்றாவதில் எலிகள் முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போகும், உணவு தீரும் என்ற நினைப்பே வராது. நான்காவதில் "பயன்படுத்தாததால் கண் மறைந்துவிட்டது." இந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். கடைசிப் படியில் இவை திரும்பவும் வேண்டும்.

படி 3: வெளியே போய் எண்ணுங்கள்

பள்ளியைச் சுற்றி எந்தத் திறந்த நிலமும் போதும், பசுமையான இடமாக இருக்க வேண்டியதில்லை. அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம், அதாவது குவாட்ராட், குச்சியும் கயிறும் வைத்தே செய்துகொள்ளலாம். இரண்டு அளவு நாடாக்களைச் செங்குத்தாக விரித்து அச்சுகளாக்குங்கள். சீட்டு எடுத்தோ தாயக்கட்டை உருட்டியோ வரும் எண்களை ஆயங்களாக எடுத்து, அந்தப் புள்ளியில் சட்டத்தை வையுங்கள். சட்டத்தைத் தோளுக்கு மேல் வீசும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தற்செயல் மாதிரி ஆகாது, கை தன்னையறியாமல் செடி அடர்ந்த பக்கம் வீசும். ஆளுக்கும் ஆபத்து.

எண்ணத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் ஒரு குழு ஓடிவரும்: "இந்தச் செடி பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கிறது, எண்ணலாமா?" இந்தக் கேள்விக்காகவே வெளியே போகலாம். உடனே விடை சொல்லாதீர்கள். நீங்களே ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாச் சட்டத்துக்கும் அதே விதிதான் என்று சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே "மேல் விளிம்பையும் இடது விளிம்பையும் தொடுவதை எண்ணுவோம், மற்ற இரண்டையும் விடுவோம்" என்ற இடத்துக்கு வந்துசேர்வார்கள். விதி ஏன் வேண்டும் என்பது அறிவியலின் பாதிப் பாடம். பத்துச் சட்டமாவது வைக்க வேண்டும். முதல் மூன்று சட்டங்களின் சராசரியையும் பத்துச் சட்டங்களின் சராசரியையும் ஒப்பிடச் சொன்னால், மாதிரியின் அளவு ஏன் முக்கியம் என்பதற்குத் தனி விளக்கமே வேண்டாம்.

ஓடும், பறக்கும் உயிர்களை எண்ண, பிடித்துக் குறியிட்டு விட்டு மீண்டும் பிடிக்கும் முறையை மணிகளைக் கொண்டு செய்யலாம். எத்தனை என்று உங்களுக்கு மட்டுமே தெரிந்த மணிகளை ஒரு பையில் போடுங்கள். 40 மணிகளை எடுத்துக் குறியிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். மீண்டும் 50 எடுக்கும்போது அதில் 8 குறியிட்டவை என்றால், மதிப்பீடு 40 × 50 ÷ 8 = 250. பிறகு பையைக் கொட்டி எண்ணிப் பாருங்கள். அடுத்த கேள்வி: குறியிட்ட விலங்கு பறவையின் கண்ணில் எளிதாகப் படுகிறது என்றால் மதிப்பீடு கூடுமா, குறையுமா? குறியிட்டவை இறந்துவிடும், இரண்டாம் முறை பிடிபடுபவை குறையும், மதிப்பீடு உண்மையைவிடக் கூடிவிடும். இதை ஒரு மாணவர் சூத்திரத்தைப் பார்த்துச் சொல்லாமல், நடப்பதை யோசித்துச் சொல்லிவிட்டால் அவருக்கு இந்தப் படி முடிந்தது.

படி 4: ஆற்றல் போகும், பொருள் சுற்றும்

இந்த ஒரு வரியில்தான் சூழலியலின் பெரும்பாலான குழப்பங்கள் தீரும். அம்புக்குறி என்பது உண்ணப்படுவதிலிருந்து உண்பதற்குப் போகும் ஆற்றலின் வழி. "யார் யாரைத் தின்கிறது" என்று கேட்பதை நிறுத்திவிட்டு "ஆற்றல் எங்கே போகிறது" என்று கேட்டாலே குறி சரியாகத் திரும்பிவிடும்.

1942-இல் ரேமண்ட் லிண்டமன் வெளியிட்ட ஓர் ஏரி ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் நாம் சொல்லும் பத்து சதவீத விதி. 10,000 அலகு ஆற்றல் தாவரங்களில் இருந்தால் அடுத்த நிலையில் 1,000, அதற்கடுத்து 100, பிறகு 10. இது கணக்குக்கு வசதியான சராசரிதான், இயற்கையில் இந்த விகிதம் இடத்துக்கு இடம் மாறும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மீதி ஆற்றல் எங்கே போனது என்று கேட்டால் பலர் "அழிந்துவிட்டது" என்பார்கள். சுவாசத்தில் வெப்பமாகப் போனது, கழிவாகப் போனது, உண்ணப்படாமலே சிதைப்பவைகளுக்குப் போனது என்று மூன்று வழியும் வர வேண்டும்.

பொருளுக்குப் பதினேழாம் நூற்றாண்டு ஆய்வாளர் வான் ஹெல்மான்ட்டின் வில்லோ மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 90 கிலோ மண்ணில் ஒரு கன்றை நட்டு ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 74 கிலோ அளவுக்குக் கூடியது, மண் இழந்தது 60 கிராமுக்கும் குறைவு. எல்லாம் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அவர் கணக்கில் விட்டது எது என்று வகுப்பைக் கேளுங்கள். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு என்ற விடை வந்ததும், முதல் நாள் தாளில் மண் என்று எழுதியவர்களின் முகத்தைப் பாருங்கள்.

உணவு வலையில் ஓர் உயிரை நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ராபர்ட் பெயின் செய்த சோதனை போல எளிமையானது வேறில்லை. பசிபிக் கரையின் பாறைகளிலிருந்து பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீனை மட்டும் அகற்றிக்கொண்டே வந்தார். 1966-இல் அவர் வெளியிட்டபடி, 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில் 8 இனங்களே மிஞ்சின. கொன்று தின்னும் உயிரை அகற்றினால் மற்றவை பிழைக்கும், இனங்கள் கூடும் என்றுதான் மாணவர்கள் ஊகிப்பார்கள். ஊகத்தை எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு முடிவைக் காட்டுங்கள். நட்சத்திர மீன் தின்று கட்டுப்படுத்திவந்த சிப்பிகள் இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டன என்ற காரணத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். இனங்களுக்கு இடையிலான போட்டி இங்கேயே அறிமுகமாகிவிடும்.

படி 5: எண்ணுவதிலிருந்து அளப்பதற்கு

இதுதான் பாலம். பல ஆசிரியர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டு பாடவேளைகள்தான் மொத்த அலகின் உயிர்நாடி.

ஒரே இனத்தைச் சேர்ந்த பல மரங்களிலிருந்து நூறு இலைகள், ஒரே மரத்திலிருந்து இன்னொரு நூறு. நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து இரண்டுக்கும் நிகழ்வெண் வரைபடம் போடச் சொல்லுங்கள். இரண்டிலும் நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழும் மலை வடிவம் வரும். சரி, இப்போது கேளுங்கள்: ஒரே மரத்தின் இலைகள் அத்தனைக்கும் ஒரே மரபணுத் தொகுதி. பிறகு ஏன் நீளம் வேறுபடுகிறது? வெயில், நிழல், இலையின் வயது என்று காரணங்கள் வரும். அடுத்த கேள்வி: அந்த மரத்தின் நீள இலைக் கிளையிலிருந்து வந்த விதைக்கும், குட்டை இலைக் கிளையிலிருந்து வந்த விதைக்கும் வேறுபாடு இருக்குமா?

எல்லா வேறுபாடும் மரபு வழியாகப் போவதில்லை என்பதைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். கையால் இலையை அளந்தவருக்கு மறப்பதில்லை. இயற்கைத் தேர்வின் மூன்று தூண்களில், அதாவது வேறுபாடு, மரபு, பிழைத்துப் பெருகுவதில் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றில், விடைத்தாள்களில் அதிகம் காணாமல் போவது நடுவில் இருக்கும் மரபுதான்.

படி 6: புள்ளிகளின் வேட்டை

பூப்போட்ட துணி ஒன்று, ஐந்து நிறக் காகிதங்களில் துளையிடும் கருவியால் வெட்டிய புள்ளிகள். நிறத்துக்கு 20 வீதம் நூறு புள்ளிகளைத் துணியில் தூவுங்கள். ஐந்து மாணவர்கள் வேட்டைப் பறவைகள். ஒவ்வொருவரும் ஒரு புள்ளி எடுத்ததும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும், ஆளுக்கு 15. மிஞ்சுவது 25. ஒவ்வொன்றும் தன் நிறத்திலேயே மூன்று குட்டி போடும், மீண்டும் நூறு. மூன்று தலைமுறைகள் போதும். பிறகு வேறு துணியில் தொடங்குங்கள், வெல்லும் நிறம் மாறிவிடும்.

விளையாட்டு முடிந்ததும் என்ன நடந்தது என்று கேட்டால், ஒரு குரல் கட்டாயம் சொல்லும்: "புள்ளிகள் பச்சையாக மாறிவிட்டன." அங்கே நிறுத்துங்கள். துணியிலிருந்து ஒரு பச்சைப் புள்ளியை எடுத்துக் காட்டி, "இது எப்போது மாறியது?" என்று கேளுங்கள். ஒரு நொடி அமைதி இருக்கும். எந்தப் புள்ளியும் நிறம் மாறவில்லை. மாறியது விகிதம் மட்டுமே. அந்த அமைதிக்காகத்தான் இத்தனை காகிதம் வெட்டுகிறோம்.

இந்த விளையாட்டில் ஒரு குறையும் உண்டு: புதிய நிறம் எதுவும் தோன்றுவதில்லை. மூன்றாம் தலைமுறையில் நீங்களாகவே ஒரே ஒரு ஆறாம் நிறப் புள்ளியைப் போடுங்கள். அது தேவைக்காக வந்ததா, தற்செயலாக வந்ததா? பயன்படாத நிறமாகவும் இருந்திருக்கலாமே? சடுதி மாற்றத்துக்கு இந்த ஒரு புள்ளி போதும்.

படி 7: உண்மைத் தரவு

விளையாட்டிலிருந்து உடனே நிஜத்துக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் பரிணாமம் காகிதத்தோடு நின்றுவிடும்.

கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜர் என்ற சின்னத் தீவில் 1973 முதல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி பல பத்தாண்டுகள் குருவிகளைப் பிடித்து வளையமிட்டு அலகை அளந்தார்கள். 1977-இல் கடும் வறட்சி. சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்துபோக, பெரிய கடின விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரைக் குருவிகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான் பிழைத்தது. பிழைத்தவற்றின் சராசரி அலகு ஆழம் முன்பிருந்ததைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூடியிருந்தது. அடுத்த தலைமுறைக்கும் தடித்த அலகே வந்தது. 1983-இல் எல் நினோ மழை கொட்டி, சிறிய விதைகள் பெருகியபோது, சிறிய அலகுக்காரர்கள் முன்னுக்கு வந்தார்கள்.

கதையாகச் சொல்லாமல் துண்டு துண்டாகக் கொடுங்கள். வறட்சிக்கு முன் இருந்த வரைபடத்தைத் தந்து, பிழைத்தவற்றின் வரைபடத்தை ஊகித்து வரையச் சொல்லுங்கள். பிறகு உண்மையைக் காட்டுங்கள். பிறகு குஞ்சுகள் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். 1983-இன் திருப்பத்தைக் கடைசிவரை மறைத்து வையுங்கள். பரிணாமத்துக்கு இலக்கு கிடையாது, ஏணி கிடையாது என்பதை அந்தத் திருப்பம் நம்மைவிட நன்றாகச் சொல்லிவிடும்.

மான்செஸ்டர் அந்துப்பூச்சியைப் பற்றிப் பாடநூல்களில் இருப்பது தெரிந்ததுதான்: கரும் வடிவம் அங்கே 1848-இல் பதிவானது, 1895-இல் ஏறத்தாழ 98 சதவீதம் கருமை. அதோடு நிற்காமல், எந்த நிறப் பூச்சியைப் பறவைகள் அதிகம் தின்கின்றன என்று பார்க்க 1950-களில் கெட்டில்வெல் செய்த சோதனையின் முறைமீது கேள்விகள் எழுந்ததையும், மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் பல ஆண்டுகள் குறைகளைத் திருத்தி மீண்டும் செய்து பறவைகள்தாம் காரணம் என்று உறுதிப்படுத்தியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்வி கேட்பது கோட்பாட்டை உடைக்கும் வேலை என்று நினைக்கும் மாணவருக்கு இது நல்ல மருந்து.

மேல் வகுப்புகளுக்கு 1943-இல் லூரியாவும் டெல்புரூக்கும் செய்த சோதனை. தனித்தனிக் குழாய்களில் வளர்ந்த பாக்டீரியாக்களின் மேல் வைரஸை விட்டார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் எதிர்ப்பு வருகிறது என்றால் எல்லாக் குழாய்களிலும் பிழைப்பவை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆனால் சிலவற்றில் ஒன்றும் இல்லை, சிலவற்றில் கூட்டம் கூட்டமாக இருந்தன. மாற்றம் முன்பே, தற்செயலாக, சில குழாய்களில் சீக்கிரமும் சிலவற்றில் தாமதமாகவும் வந்திருந்தது. என் மாணவியின் அந்த வாக்கியத்துக்கு நேரடிப் பதில் இதுதான்.

படி 8: நம் மொழி விரிக்கும் வலை

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் தமிழில் பாடம் நடத்துபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். "உயிரினம் சூழலுக்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது" என்று நாமே எழுதிப்போடுகிறோம். அந்த "கொள்" என்ற துணைவினை என்ன செய்கிறது என்று பாருங்கள். சட்டையை மாட்டிக்கொண்டான், கதவைச் சாத்திக்கொண்டாள்: தனக்காகத் தானே செய்வது. தகவமைத்துக்கொண்டது என்றதுமே பிள்ளையின் மனதில் அந்த உயிர் ஒரு வேலையைச் செய்துவிடுகிறது. என் மாணவி "மாற்றிக்கொண்டது" என்று எழுதியதற்கு நானும் ஒரு காரணம்.

"பரிணாம வளர்ச்சி" என்ற சொற்சேர்க்கையும் அப்படித்தான். வளர்ச்சி என்றால் மேலே போவது. குகை மீன் கண்ணை இழந்ததும் பரிணாமம்தான், அது எந்த வளர்ச்சி? "பரிணாமம்" என்று மட்டும் சொல்லுங்கள், அல்லது "பரிணாம மாற்றம்" என்று சொல்லுங்கள். "வலியது வாழும்" என்பதைக் கரும்பலகையிலிருந்தே எடுத்துவிடலாம். பெரிய விதை மட்டும் இருக்கும்போது தடித்த அலகு தகுந்தது, சின்ன விதை பெருகினால் சின்ன அலகு தகுந்தது, வலிமைக்கு இதில் தனியிடம் இல்லை. எத்தனை வாரிசுகளை விட்டுச் செல்கிறது என்பதுதான் தகுதி.

ஒரு பாடவேளையை மொழிபெயர்ப்பு விளையாட்டுக்கே கொடுக்கலாம், தமிழிலிருந்து தமிழுக்கு. "பாலைவனச் செடிகள் நீரைச் சேமிக்க இலைகளை முட்களாக மாற்றிக்கொண்டன" என்று எழுதுங்கள். "-க்க", "-வதற்காக", "-க்கொண்டன" மூன்றும் வராமல் திருப்பி எழுதச் சொல்லுங்கள். முதலில் திணறுவார்கள். பிறகு "இலைப்பரப்பு குறைந்த செடிகள் குறைவாக நீரிழந்தன, அவை அதிகம் பிழைத்தன, அவற்றின் விதைகள் பெருகின, பல தலைமுறைகளில்..." என்று வரும். வாக்கியம் நீளும். நீளட்டும், அந்த நீளத்தில்தான் விளக்கம் இருக்கிறது.

படி 9: கயிறும் கம்பியும்

ஆழ்காலத்துக்கு 46 மீட்டர் கயிறு. பூமியின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டு, ஆகவே ஒரு சென்டிமீட்டர் பத்து லட்சம் ஆண்டு. இன்றைய நாள் என்ற முனையிலிருந்து பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள். பறவைகளல்லாத டைனோசர்கள் மறைந்தது 66 சென்டிமீட்டரில், கேம்பிரியக் காலத் தொடக்கம் 5.4 மீட்டரில், உயிர் இருந்ததற்கான பழைய தடயங்கள் 35 மீட்டருக்கு அருகில். நம் இனம் தோன்றியது? முனையிலிருந்து 3 மில்லிமீட்டர். அதைக் காட்ட விரல் போதாது, பென்சில் முனை வேண்டும்.

உயிர்மரத்தை வளையும் கம்பியில் செய்யுங்கள். கணுக்களை, அதாவது கிளைகள் பிரியும் இடங்களைத் திருப்பினால் நுனிகளின் வரிசை மாறும், உறவு மாறாது. மரத்தை இடமிருந்து வலமாக வாசிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு, கம்பியைக் கையில் சுழற்றினால் அது விடுபடும். "மனிதன் குரங்கிலிருந்து வந்தானா?" என்ற கேள்வி இங்கே வந்தே தீரும். கம்பியில் சிம்பன்சி நுனியையும் மனித நுனியையும் தொட்டு, இரண்டு விரல்களையும் கீழே நகர்த்தி, சந்திக்கும் கணுவைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கணு இன்றைய சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. சித்தி மகளும் நாமும் ஒரே பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள், அவளிடமிருந்து நாம் பிறக்கவில்லை. அதே உறவுதான் இது.

சான்றுகளில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல நேரம் இருந்தால் டிக்டாலிக்கைச் சொல்லுங்கள். மீனுக்கும் நான்குகால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர் ஏறத்தாழ 37 கோடி ஆண்டுப் பழைய பாறையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த வயதுப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று தேடி, ஆர்க்டிக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004-இல் கண்டெடுத்தார்கள். கோட்பாடு கணிக்கும், கணிப்பு சோதிக்கப்படும்.

நம்பிக்கை சார்ந்து ஒரு மாணவர் தயங்கினால் அவரை வகுப்பின் முன் நிறுத்தாதீர்கள். "நீ இதை நம்புகிறாயா என்று நான் சோதிக்க மாட்டேன், அறிவியல் இதை எப்படி விளக்குகிறது என்று உன்னால் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்ப்பேன்" என்று தனியாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

படி 10: மதிப்பீடு

வரையறை கேட்டால் வரையறை வரும். இந்த அலகில் வரையறைக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் மதிப்பெண் தராதீர்கள். மீதியில் பாதியைத் தரவைப் படித்து விளக்குவதற்கும், கால்பகுதியைக் கள ஆய்வுக் குறிப்பேட்டுக்கும், மிச்சத்தை உணவு வலை, ஆற்றல், உயிர்மரம் பற்றிய குறுங்கேள்விகளுக்கும் பிரிக்கலாம்.

முக்கியமான விதி: தேர்வில் வரும் உயிர் வகுப்பில் நடத்தாத உயிராக இருக்க வேண்டும். குருவியை நடத்திவிட்டுக் குருவியைக் கேட்டால் நினைவாற்றலைத்தான் அளக்கிறோம். நான் விரும்பும் ஒரு கேள்வி இது:

"2017-இல் கரீபியன் பகுதியின் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில் ஆய்வாளர்கள் பல்லிகளை அளந்தார்கள். அதன் பின் விரைவிலேயே இர்மா, மரியா என்ற இரண்டு புயல்கள் தாக்கின. திரும்பிப்போய் அளந்தபோது, பிழைத்த பல்லிகளின் விரல் பட்டைகள் சராசரியாகப் பெரிதாக இருந்தன. (அ) இதற்கு விளக்கம் தருக. (ஆ) இதைப் பரிணாமம் என்று சொல்ல இன்னும் என்ன தரவு வேண்டும்?"

(அ) பகுதிக்கு ஐந்து மதிப்பெண். புயலுக்கு முன்பே பல்லிகளுக்குள் வேறுபாடு இருந்தது என்று சொன்னால் ஒன்று. பெரிய பட்டை இறுக்கமாகப் பற்ற உதவியிருக்கலாம் என்று சூழலோடு இணைத்தால் ஒன்று. அப்படிப்பட்டவை அதிக விகிதத்தில் பிழைத்தன என்றால் ஒன்று. தனிப் பல்லி மாறவில்லை, கூட்டத்தின் சராசரிதான் மாறியது என்று தெளிவாகச் சொன்னால் இரண்டு. (ஆ) பகுதிக்கு மூன்று: பட்டையின் அளவு மரபு வழியாகப் போகிறதா என்ற சோதனை, அடுத்த தலைமுறையின் அளவுகள், புயல் தாக்காத தீவுகளுடன் ஒப்பீடு.

மூன்று விதமான விடைகள் வரும். "புயலில் பறந்துபோகாமல் இருக்கப் பல்லிகள் விரலைப் பெரிதாக்கிக்கொண்டன": சூழலோடு இணைத்ததற்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள், மற்றவை இல்லை. "தகுதியுள்ளவை பிழைத்தன, இதுவே இயற்கைத் தேர்வு": சொல் தெரிகிறது, விளக்கம் இல்லை, ஒன்றுக்குமேல் வேண்டாம். இந்த வகை விடைக்குத்தான் நாம் தாராளமாக மதிப்பெண் போட்டுப் பழகியிருக்கிறோம், கை கூசாமல் நிறுத்துங்கள். மூன்றாவது, கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல், "முன்னாடியே சில பல்லிகளுக்கு விரல் அகலம், சிலவற்றுக்குக் குறுகல். குறுகலானவை காற்றில் போய்விட்டன. அகலமானவை மட்டும் மிச்சம், அதனால் சராசரி கூடிவிட்டது, எந்தப் பல்லிக்கும் விரல் வளரவில்லை." முழு மதிப்பெண், தயங்காமல்.

கள ஆய்வுக் குறிப்பேட்டில் எண்ணிக்கை சரியா என்பதற்கு அதிகம் தராதீர்கள். விளிம்பு விதியை எழுதியிருக்கிறாரா, எத்தனை சட்டம் என்று காரணத்தோடு சொல்கிறாரா, எதிர்பாராத எண்ணை அழிக்காமல் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அடித்துத் திருத்திய பக்கம் சுத்தமாகப் படியெடுத்த பக்கத்தைவிட அதிகம் சொல்லும். ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வும் நல்லது, எழுத்தில் தடுமாறும் பிள்ளை கம்பி மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அருமையாக விளக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 11: இரண்டு மாதம் கழித்து

அலகு முடிந்ததும் வைக்கும் தேர்வு பாதி உண்மையைத்தான் சொல்லும், ஏனென்றால் "தேவைப்பட்டதால் மாறியது" என்ற பழைய நினைப்பு மெல்லத் திரும்பிவரும். ஆகவே இரண்டு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், மதிப்பெண்ணும் இல்லாமல், படி 2-இல் எடுத்து வைத்த முதல் நாள் தாளை அவரவரிடமே திருப்பிக் கொடுங்கள். வேறு நிற மையில் தங்கள் விடையைத் தாங்களே திருத்தட்டும். திருத்தியதற்குக் காரணத்தை ஓரத்தில் எழுதட்டும்.

குகை மீன் கேள்வியை முதலில் பாருங்கள். "பயன்படுத்தாததால் மறைந்தது" என்பதை அடித்துவிட்டு "கண் இல்லாதவை கூடுதலாகப் பிழைத்தன" என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். "இருட்டில் கண்ணைக் கெடுக்கும் சடுதி மாற்றம் வந்தாலும் தீங்கில்லை, அதனால் அது களையப்படவில்லை, கண்ணை வளர்க்க ஆகும் ஆற்றல் மிச்சமானதும் உதவியிருக்கலாம்" என்று இரண்டு வழியையும் எழுதியவர்கள் இன்னொரு பக்கம். எதையுமே திருத்தாமல் கொடுத்தவர்களின் தாள்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த நாள் பூப்போட்ட துணியையும் புள்ளிகளையும் மறுபடி எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார ஒரு பாடவேளை வேண்டும்.